ஸ்பானியம் பயிலும் நம் பிள்ளைகள்



பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்வூர், இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கிய நகராட்சியாக வளர்ந்துவிட்டது. ஒருபுறம் பொம்மசந்திரத் தொழிற்பேட்டை. மறுபுறம் கணிப்பொறி நிறுவனங்கள். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து மெட்ரோ ரயிலும் இவ்வழியே ஓடுகிறது. தமிழ்நாட்டின் எல்லை இங்கிருந்து தொலைவில் இல்லை. எனவே தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல. பொறியாளரும் இருக்கின்றனர், ஆலைத் தொழிலாளரும் இருக்கின்றனர், மளிகைக் கடை வைத்திருப்போரும் இருக்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஸ்பானிய மொழிக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். இவ்வட்டாரத்திலும் இதனை அடுத்த சர்ஜாபூர்ச் சாலைப் பகுதியிலும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் சில தோன்றியுள்ளன. இத்தகைய பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளோடு ஸ்பானியமும் கற்பிக்கப்படுவதுண்டு. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். ஆதலால் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்ப் பெற்றோர் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "சார், மகள் பதினொன்றாம் வகுப்பில் ஸ்பானிஷை உயர்நிலைப் பாடமாக எடுக்கிறேன் என்கிறாள். எடுக்கச் சொல்லலாமா?" என்பதே அது.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு ஆராய்வோம். முதலாவது, இம்மொழி நம் பள்ளிகளுக்கு வந்த வழி. இரண்டாவது, உயர்நிலையில் பயில்வது என்றால் என்ன என்பது. மூன்றாவது, தமிழ்ப் பிள்ளைக்கு இம்மொழி எளிதா, அரிதா என்பது. நான்காவது, இவ்வாறு பயிலும் பிள்ளைக்குத் தமிழ் எந்நிலையில் இருக்கிறது என்பது. இந்நான்காவதே எல்லாவற்றினும் இன்றியமையாதது என்பது என் கருத்து.

முதலாவதைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். ஐ.பி. எனச் சுருக்கமாக வழங்கும் பன்னாட்டுப் பட்டயப் படிப்பு 1968ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் உருவாயிற்று. அது இந்திய நாட்டில் முதன்முதலாகக் காலூன்றியது நம் தமிழ்நாட்டிலேதான். 1976இல் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதனை மேற்கொண்டது. அப்படிப்பில் மாணவர் ஒவ்வொருவரும் தம் முதன்மை மொழியின் இலக்கியத்தோடு வேறொரு மொழியையும் பயிலவேண்டும் என்பது பொதுவிதி. மற்றொரு புறம், நம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மொழிப்பாடப் பட்டியலிலும் ஸ்பானியம் இடம்பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாக அதனைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. எனினும் மாணவர் பயிலும் மூன்று மொழிகளுள் இரண்டேனும் இந்திய மொழிகளாக இருத்தல் வேண்டும் என்பதும் அக்கொள்கையின் விதியே.

இதனோடு கர்நாடகத்தின் நிலையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் இம்மாநிலம் கன்னட மொழி கற்றல் சட்டத்தை இயற்றி, தொடக்க வகுப்பிலிருந்து படிப்படியாகப் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்க முற்பட்டது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமை. கன்னடம் நமக்கு உடன்பிறந்த மொழியும் ஆகும். இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலம் பயிற்றுமொழி, கன்னடம் மாநில மொழி, பல பள்ளிகளில் இந்தியும் உண்டு, அதன்மேல் ஸ்பானியம் வந்து சேருகிறது. நான்கு மொழிகள் நிறைந்த அவ்வட்டவணையில் தமிழுக்கு ஒரு மணி நேரமும் இல்லை. இது யாருடைய சூழ்ச்சியும் அன்று. தமிழ் பேசப்படாத மாநிலத்தில் வாழும் குடும்பத்திற்கு இயல்பாகவே நேரும் நிலை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

உயர்நிலையில் ஒரு மொழியைப் பயில்வது என்றால் என்ன? பெற்றோர் பலர் அயல்மொழியை மதிப்பெண் ஈட்டித் தரும் பாடம் என்றே எண்ணுகின்றனர். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அது ஓரளவு உண்மையே. வணக்கம் கூறுதல், தன் பெயரும் ஊரும் சொல்லுதல், கடையில் விலை கேட்டல், குடும்பத்தைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுதல் என்ற அளவில் பாடம் நின்றுவிடும். மனனம் செய்த பிள்ளை நல்ல மதிப்பெண் பெற்றுவிடும்.

மேல்நிலையில் நிலைமை வேறு. ஐ.பி. படிப்பை எடுத்துக்கொண்டால், அயல்மொழியை மூன்று படிகளில் பயிலலாம். முன்பின் அறியாதவருக்குத் தொடக்கப் படி. ஓரளவு அறிந்தவருக்குப் பொதுநிலை. அதற்கும் மேல் உயர்நிலை. முதலிரண்டு படிகளுக்கும் ஈராண்டுகளில் 150 மணி நேரப் பாடம் போதும் என்று வகுத்தவர்கள், உயர்நிலைக்கு 240 மணி நேரம் வேண்டும் என்கின்றனர். ஒன்றரை மணி நேரத்தில் 450 முதல் 600 சொற்கள் கொண்ட கட்டுரையோ கடிதமோ உரையோ எழுதவேண்டும். வானொலி உரை போன்றவற்றைக் காதால் கேட்டுப் பொருள் உணர்ந்து விடையளிக்கவேண்டும். இவற்றிற்கு மேலாக, ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட இரண்டு இலக்கிய நூல்களை மூலத்திலேயே படித்து, அவற்றிலிருந்து தரப்படும் ஒரு பகுதியைப் பற்றி ஆசிரியரோடு அம்மொழியிலேயே உரையாடவேண்டும். பொதுநிலை மாணவர் ஒரு படத்தைப் பார்த்துப் பேசுவார். உயர்நிலை மாணவர் ஒரு நூலைப் படித்துப் பேசவேண்டும். இரண்டு படிகளுக்கும் உள்ள வேறுபாட்டை இதுவே விளக்கும்.

ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு படிநிலை அளவுகோலை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஏ-1 என்பது அடிப்படி; சி-2 என்பது முடிவான புலமை. உயர்நிலைப் பாடத்தை நன்கு முடித்த மாணவர் ஏறத்தாழ பி-2 என்னும் நான்காம் படியை எட்டுவார். அதாவது செய்தித்தாளைப் படித்து, அதிலுள்ள கருத்தை ஏற்கவோ மறுக்கவோ காரணம் காட்டிப் பேசும் திறன். மனனத்தால் மட்டும் இப்படியை எட்டுவது அரிது. சொந்தமாக ஒரு கருத்தும், அதனை ஒழுங்குபடுத்திக் கூறும் பயிற்சியும் தேவை. அப்பயிற்சியை ஒரு பிள்ளை எந்த மொழியில் முதலிற் பெறுகிறது என்பதே பெற்றோர் சிந்திக்கவேண்டிய செய்தி.

இனி, தமிழ்ப் பிள்ளைக்கு இம்மொழி எத்தகையது என்பதைக் காண்போம். இப்பகுதியைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியத்தை அணுகும் பிள்ளை இடறி விழும் பல இடங்களில், தமிழை அறிந்த பிள்ளை நேராக நடந்து செல்லக்கூடும். அதனைப் பெற்றோரும் அறிவதில்லை, பிள்ளைகளும் அறிவதில்லை.

முதலில் ஒலியைக் கொள்வோம். ஆங்கிலத்தில் 'டீ' என்று எழுதும் எழுத்தை ஸ்பானியர் நாநுனி பல்லைத் தொட ஒலிக்கின்றனர். அது நம் தகரமேயன்றி டகரம் அன்று. சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிர்களுக்கு இடையே மென்மையாகவும் ஒலிப்பது நம் வல்லெழுத்துகளின் இயல்பு. 'தாய்' என்பதில் உள்ள தகரமும் 'மாதம்' என்பதில் உள்ள தகரமும் வேறு வேறாக ஒலிக்கின்றன அல்லவா? ஸ்பானியத்திலும் உயிர்களுக்கு இடைப்பட்ட ஒலிகள் இவ்வாறே மென்மை பெறுகின்றன. ஆண்டு என்பதைக் குறிக்கும் 'ஆஞோ', குழந்தை என்பதைக் குறிக்கும் 'நீஞோ' ஆகிய சொற்களில் வரும் மூக்கொலி நம் ஞகரமே. அதற்கென அவர்கள் தனி எழுத்தே வைத்துள்ளனர். 'பெரோ' என்றால் 'ஆனால்' என்பது பொருள். அதனையே வல்லின றகரம்போல் நாவை அதிர வைத்துப் 'பெறோ' என்றால் நாய். ரகர றகர வேறுபாட்டைக் காப்பாற்றிப் பேசும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பாட்டியார் ஒருவர் இவ்வேறுபாட்டை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்.

இலக்கணத்திற்கு வருவோம். நாம் 'பேசுகிறேன்' என்று சொன்னால் பேசுபவர் யார் என்பது வினைமுற்றின் விகுதியிலேயே விளங்கிவிடும். 'நான்' என்று தனியே கூறவேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் 'ஆப்லோ' என்ற ஒரு சொல்லே 'பேசுகிறேன்' என்று முழுப்பொருள் தரும். ஆங்கிலப் பழக்கத்தால் வாக்கியந்தோறும் 'நான்', 'நான்' என்று எழுதி ஆசிரியரின் சிவப்பு மைக்கு ஆளாகும் பிள்ளை, தமிழ் வினைமுற்றை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும்.

இதனினும் வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. 'எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்கிறோம். விரும்புபவனும் வலியுறுபவனும் எழுவாயாக நில்லாமல், நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' என நிற்கின்றனர். ஸ்பானியரும் 'மெ குஸ்தா', 'மெ துவேலெ' என்று இதே அமைப்பில்தான் கூறுகின்றனர். 'மெ' என்பது 'எனக்கு'. ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்றே சொல்லிப் பழகியவருக்கு இது தலைகீழான அமைப்பாகத் தோன்றும். நமக்கோ இது அடுப்படிப் பேச்சு.

உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு தமிழுக்கே உரியது என்று பெருமை கொள்கிறோம். அதன் சாயல் ஒன்று ஸ்பானியத்திலும் இருக்கக் காணலாம். 'புத்தகம் வாங்கினேன்' என்று இரண்டாம் வேற்றுமை உருபு இன்றியும் நாம் கூறலாம். ஆனால் 'ஆசிரியர் பார்த்தேன்' என்று கூறமாட்டோம். 'ஆசிரியரைப் பார்த்தேன்' என்றே கூறவேண்டும். ஸ்பானியத்திலும் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராயின் அதற்கு முன் 'ஆ' என்ற இடைச்சொல்லைச் சேர்த்தல் வேண்டும். வீடு, மரம் போன்ற பொருளாயின் சேர்ப்பதில்லை. இவ்விதியை விளக்கப் பாடநூல்கள் சில பக்கங்கள் செலவிடுகின்றன. தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு ஒரு வரி போதும்.

ஆங்கிலத்தின் 'இஸ்' என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உண்டு. 'அவர் ஆசிரியர்' என்பதற்கு ஒன்று; 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'அவர் களைப்பாக இருக்கிறார்' என்பவற்றிற்கு மற்றொன்று. நாமும் முன்னதில் வினையே இன்றிப் பெயர்ப்பயனிலையால் முடிக்கிறோம். பின்னவற்றில் 'இரு' என்னும் வினையை ஆள்கிறோம். எல்லா இடத்திலும் இவ்வாறே பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. 'அவர் உயரமாக இருக்கிறார்' என்று நாம் 'இரு' சேர்த்துக் கூறும் இடத்தில், ஸ்பானியர் நிலைத்த இயல்பைக் குறிக்கும் முன்னைய வினையையே ஆள்வர். ஒற்றுமையை ஏணியாகக் கொள்ளலாம். வேற்றுமையைத் தனியே குறித்துவைத்துக் கற்கவேண்டும்.

அரிய இடங்களும் உள்ளன. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. நம் மொழியில் பால் என்பது பொருளைப் பற்றியது. மேசைக்கு ஆண்பாலோ பெண்பாலோ இல்லை. ஸ்பானியத்தில் மேசை பெண்பால், அலமாரி ஆண்பால். மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்ச்சுகீசியர் வழியே நமக்கு வந்தவை; அவற்றின் உடன்பிறப்புகளே ஸ்பானியத்திலும் வழங்குகின்றன என்பதால் அச்சொற்கள் பழகியவையாகத் தோன்றும்; பாலை மட்டும் நெட்டுருச் செய்யவேண்டியதே.

இதனினும் கடினமானதும், உயர்நிலைப் பாடத்தின் உரைகல்லாக விளங்குவதும், உறுதிப்படாத செய்தியைக் குறிக்கும் வினைவடிவமாகும். 'தமிழ் அறிந்த ஆசிரியரைத் தேடுகிறேன்' என்று ஒருவர் கூறினால், அத்தகைய ஆசிரியர் ஒருவரை முன்பே அறிந்து அவரைத் தேடுகிறாரா, அல்லது அப்படிப்பட்டவர் யாரேனும் கிடைப்பாரா என்று தேடுகிறாரா என்பது தமிழில் சூழ்நிலையால் விளங்கும். ஸ்பானியத்தில் வினையே அதனைக் காட்டிவிடும். முன்னதற்கு 'சாபெ' என்பர். பின்னதற்கு 'செபா' என்பர். விருப்பம், ஐயம், அச்சம், வேண்டுகோள் ஆகியவற்றைத் தொடரும் வாக்கியங்களிலெல்லாம் இவ்வேறுபாட்டை நோக்கவேண்டும். உள்ளதற்கும், உள்ளத்தில் மட்டும் இருப்பதற்கும் வேறுபாடு காணும் கூர்மை இதற்குத் தேவை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல அறிவுப் பயிற்சி.

இப்போது நான்காவதாகிய பகுதிக்கு வருகிறேன். மேலே கூறிய ஒற்றுமைகளெல்லாம் யாருக்குப் பயன்படும்? தமிழ் அறிந்த பிள்ளைக்கு மட்டுமே. எங்கள் குடியிருப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். ஸ்பானியத்தில் நன்றாகக் கட்டுரை எழுதுகிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள். ஆனால் திருவண்ணாமலையிலிருந்து அவளுடைய பாட்டி எழுதிய கடிதம் வந்தால், அவள் தந்தையார் அதனை வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துகளை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவளிடம் திறமைக் குறைவு சிறிதும் இல்லை. இருபத்தேழு எழுத்துகள் கொண்ட அயல்மொழியின் இலக்கியத்தைப் படிக்கும் அறிவு, தன் தாய்மொழியின் எழுத்தைப் படிக்க மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளாது. அந்த மூன்று மாதம் அவளுக்கு வாய்க்கவில்லை என்பதே செய்தி.

இதில் பாட்டியாரின் வருத்தத்தோடு நிற்காத இழப்பு ஒன்று உள்ளது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அதனைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஸ்பானியம் ஏறத்தாழ ஐம்பது கோடி மக்களின் தாய்மொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு ஆட்சிமொழிகளுள் ஒன்று. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பதினெட்டு நாடுகளில் வழங்குவது. அம்மொழியின் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட பெருநாவல், 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் 2013இல் தமிழில் வந்துள்ளது. நெரூதா, போர்ஹேஸ், ருல்ஃபோ ஆகியோரையும் தமிழ் வாசகர் அறிவர். ஆயினும் தமிழுக்கு வந்த ஸ்பானிய இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியே வந்ததாகும். ஆங்கில வழியே இவற்றைக் கொணர்ந்தோரின் உழைப்புப் போற்றத்தக்கது. எனினும் அவ்வழியில் வரும்போது சில பொருள்கள் வழியிலேயே சிந்திவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஸ்பானியத்தில் நெருக்கமானவரை 'தூ' என்பர். மதிப்பிற்குரியவரை 'உஸ்தெத்' என்பர். நம் 'நீ', 'நீங்கள்' என்பவை போலத்தான். 'உஸ்தெத்' என்பது 'உமது அருள்' என்னும் பொருளுடைய பழந்தொடரின் சுருக்கம். அதனால் அது படர்க்கை வினையையே கொள்ளும். நாமும் 'தாம்' என்னும் படர்க்கைச் சொல்லை மரியாதை கருதி முன்னிலையில் ஆள்கிறோம் அல்லவா? ஒரு கதையில் கணவன் மனைவியை 'தூ' என்று அழைத்துவந்து, சண்டை மூண்டதும் 'உஸ்தெத்' என்று மாற்றினால், அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுக்கிடையே விழுந்த விரிசல் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'யூ' ஒன்றே. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர் 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று ஊகிக்கவேண்டியவராகிறார். மூலத்தில் தெளிவாக இருந்ததும், தமிழில் தெளிவாகச் சொல்லக்கூடியதுமான ஒன்று, நடுவே ஆங்கிலம் நின்றமையால் ஊகமாகிவிடுகிறது. இரு மொழிகளையும் நேரே அறிந்த ஒருவர் இருந்தால் இவ்விழப்பு நேராது. அவர் ஹெப்பகோடியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த பெண்ணாக இருக்கலாகாதா?

இனி நான் கூறப்போவது கேட்பதற்கு இனிய செய்தியன்று, ஆயினும் கூறவேண்டியது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா, 1971இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் இளமையில், 1929ஆம் ஆண்டில், தம் நாட்டுத் தூதராகக் கொழும்பில் பணியாற்றி, வெள்ளவத்தைப் பகுதியில் குடியிருந்தார். அவர் மறைந்த பின்னர் 1974இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், தம் வீட்டுக் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தாம் வலிந்து பற்றியதைத் தாமே எழுதியுள்ளார். அப்பெண்ணுக்கு அந்நூலில் பெயரில்லை. ஒரு சொல்லும் இல்லை. 2018ஆம் ஆண்டில் சாந்தியாகோ விமான நிலையத்திற்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் முயற்சி எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் இப்பகுதியைச் சுட்டிக்காட்டியே எதிர்ப்புத் தெரிவித்தனர். தொலைதூர நாட்டுப் பெண்கள், பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பேசினர்.

உயர்நிலையில் ஸ்பானியம் பயிலும் நம் பிள்ளை நெரூதாவின் காதற் கவிதைகளைப் படிக்கும், படிக்கட்டும். அதே பிள்ளை இப்பக்கத்தையும் மூலத்தில் படிக்கும் வல்லமை பெறுகிறது. அப்பெண் பேசியிருந்தால் எம்மொழியில் பேசியிருப்பாளோ, அம்மொழியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பக்கத்தைப் படிக்கக்கூடியவர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. உயர்நிலைக் கல்வி என்பது இதுவே. புகழை மட்டும் கேட்டு வியவாமல், நூலைத் தானே படித்துத் தானே தீர்ப்புக் கூறும் நிலை.

பிழைப்புக்கு இம்மொழி உதவுமா என்றும் கேட்கின்றனர். உதவும், ஆனால் தனியே நின்று உதவாது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2002இல் உருகுவே நாட்டிலும், இன்போசிஸ் நிறுவனம் 2007இல் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரிலும் கிளைகள் அமைத்தன. கணக்கியலோ பொறியியலோ மருந்தியலோ கற்றவர் ஸ்பானியமும் அறிந்திருந்தால் அவருக்கு மதிப்புக் கூடும். மொழியை மட்டும் நம்பிச் செல்பவர் ஆசிரியப் பணிக்கோ மொழிபெயர்ப்புக்கோ செல்லவேண்டும். அதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஐதராபாத்திலுள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் அதற்கு இடமுண்டு. ஸ்பெயின் அரசு 1991இல் நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனத்தின் கிளையும் புதுதில்லியில் இயங்குகிறது. அந்நிறுவனம் நடத்தும் 'தெலே' தேர்வின் சான்றிதழ் பல நாடுகளில் மதிக்கப்படுகிறது.

ஆகவே பெற்றோருக்கு நான் கூறும் யோசனை இது. உயர்நிலைப் பாடமாக ஸ்பானியத்தை எடுக்குமுன் பள்ளியில் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அதே ஆசிரியர் இருப்பாரா என்பது. ஆசிரியர் நடுவில் விலகி, இணைய வழிப் பாடத்தோடு பிள்ளைகள் திண்டாடிய நிகழ்ச்சியை இவ்வட்டாரத்திலேயே கண்டிருக்கிறேன். இரண்டாவது, வாரந்தோறும் பேசிப் பழகுவதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்பது. மூன்றாவது, பிள்ளை மூன்று ஆண்டுகளேனும் அம்மொழியை முன்பே பயின்றிருக்கிறதா என்பது. இல்லையேல் தொடக்கப் படியையோ பொதுநிலையையோ எடுப்பதே அறிவுடைமை. இம்மூன்றும் சரியாக இருந்து, பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால், தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்றே வீட்டில் மற்றொன்றையும் தொடங்குங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பு. ஸ்பானிய வகுப்பில் அன்று கற்ற வாக்கியத்தைப் பிள்ளை தமிழில் எழுதிக் காட்டட்டும். 'மெ குஸ்தா' என்பதற்கு எதிரே 'எனக்குப் பிடிக்கும்' என்று தன் கையால் எழுதட்டும். ஆங்கிலத்தில் விளங்காதது தமிழில் விளங்கும்போது, தமிழ் வீட்டுப் பேச்சு மட்டுமன்று, சிந்தனைக்கும் கருவி என்பதை அது தானே உணரும். எழுத்தறிமுகம் இல்லாத பிள்ளைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் வீட்டிலிருந்தே பயிலக் கிடைக்கின்றன. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. ஹெப்பகோடியிலிருந்து அது தொலைவுதான். ஆனால் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்பின் பொது அறையிலேயே ஒரு தமிழ் வகுப்பை நடத்திவிடலாம். எங்கள் குடியிருப்பில் இவ்வாண்டு அவ்வாறு தொடங்கியுள்ளோம். ஒன்பது பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுள் இருவர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கட்டணம் மிகுந்த பள்ளியின் ஸ்பானியம் அவ்விருவருக்கும் கிட்டாதது. ஆனால் தமிழ் வகுப்பில் அவர்களே மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகின்றனர்.

பம்பாயிலும் தில்லியிலும் அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்நிலை பொதுவானதே. ஸ்பானியத்திற்குப் பதில் பிரெஞ்சாகவோ ஜப்பானியமாகவோ இருக்கலாம். பிள்ளைகள் புதிய மொழிகளை ஆர்வத்தோடு கற்கட்டும். அவற்றின் உயர்ந்த படிவரை ஏறட்டும். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அயல்மொழிப் புத்தகத்தை வாங்கும் அன்றே, அதனோடு ஒரு தமிழ் வாசகப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கிவாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.